கோப்பில் இல்லாத மனைவி

'படைப்பணியால் ஏற்பட்டதும் அல்ல, படைப்பணியால் மோசமானதும் அல்ல.' ஒரு சிப்பாயின் நோயைப் பற்றி இந்திய இராணுவத்தின் மருத்துவ வாரியம் இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் போதும், அவனுடைய ஊன ஓய்வூதியம் நின்றுபோகும். ஆங்கிலத்தில் இந்த வரியின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'என்.ஏ.என்.ஏ.' என்று கோப்புகளில் குறிக்கிறார்கள். சேர்த்துப் படித்தால் 'நானா'. தமிழ்க் காதுக்கு அது கேள்வியாகவே விழுகிறது. உன் நோய்க்குப் பொறுப்பு நானா?

இந்தக் கேள்வி தபாலில் புவனகிரிக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் வந்து சேர்கிறது, ஆங்கிலத்தில். யார் பெயருக்கு வந்ததோ அவன் அதைப் படிக்கும் நிலையில் பல நேரம் இருப்பதில்லை. கையெழுத்துப் போட்டு வாங்குகிறவள் மனைவி. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடமோ சிதம்பரத்து ஜெராக்ஸ் கடையிலோ கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறவளும் அவளே. அந்த நேரத்திலிருந்து ஒரு வழக்கு தொடங்குகிறது. அதை நடத்தப்போகிறவள் அவள். அதன் எந்தத் தாளிலும் அவள் இல்லை.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். படையிலிருந்து வெளியேறும்போது மருத்துவ வாரியம் இரண்டு விஷயங்களைத் தீர்மானிக்கிறது: நோய்க்கும் பணிக்கும் தொடர்புண்டா, ஊனம் எத்தனை சதவீதம். தொடர்பு இருக்க வேண்டும், சதவீதம் 20ஆவது இருக்க வேண்டும். மறுப்பு வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதையும் மறுத்தால் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு. இந்தக் குழுக்கள் பெரும்பாலும் கோப்பைப் பார்த்தே முடிவெடுக்கின்றன. அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 2009இல் வேலையைத் தொடங்கியது. நமக்குச் சென்னை அமர்வு. நீதித்துறையிலிருந்து ஒருவர், படையின் உயர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் என இரண்டு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். அங்கும் தோற்றால்? 2015இல் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகக்கூடாது என்ற பொருளில் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில்தான் அந்தக் கதவு தெளிவாகத் திறந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள், பண்ருட்டியிலிருந்து புறப்பட்ட ஒரு பெண்ணுக்குச் சென்னைக்கு அடுத்த ஊர் டெல்லி.

இவ்வளவு தூரம் ஏன் நடக்க வேண்டும்? சட்டம் நடக்கச் சொல்லவில்லை. 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகளைப் படித்துப் பாருங்கள். படையில் சேரும்போது ஒருவனிடம் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவன் நல்ல உடல்நிலையிலும் மனநிலையிலும் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். பிறகு நோயோடு வெளியே அனுப்பப்பட்டால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை கேட்கிறவன்மேல் இல்லை. ஐயம் இருந்தால் அதன் பலன் அவனுக்கு. இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது.

சிக்னல்ஸ் படைப்பிரிவில் 1985இல் சேர்ந்த தரம்வீர் சிங் வலிப்பு நோய் என்று 1994இல் வெளியேற்றப்பட்டார். அது உடம்போடு பிறந்த கோளாறு, பணிக்குத் தொடர்பில்லை என்றார்கள். சேரும்போது அப்படி ஒன்றும் குறிக்கவில்லையே, பின்னே எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பதற்குக் காரணம் எழுதினீர்களா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது 2013 ஜூலையில். பத்தொன்பது ஆண்டுகள். அதே 2013இல் வீர்பால் சிங் வழக்கில், மனச்சிதைவு என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்ட ஒருவரை மறு மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014இல் சுக்விந்தர் சிங், 2015இல் ராஜ்பீர் சிங். ஒரே விதியை நீதிமன்றம் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. 2015இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழுவும், ஊனமுற்ற வீரர்களுக்கு எதிரான இந்த மேல்முறையீடுகளை அரசு கைவிட வேண்டும் என்றது. கேட்டார்களா?

விதி சுமையை அரசின்மேல் வைத்தது. நடைமுறை அதை இறக்கி ஒரு பெண்ணின் தலையில் ஏற்றியது.

அந்தச் சுமையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கலாம். பட்டாளத்தார் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு டிரங்குப்பெட்டி உண்டு. பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதியது. டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., மருத்துவமனைச் சீட்டுகள், பதிவுத் தபால் அத்தாட்சிகள் எல்லாம் அதில்தான். அதன் சாவி அவள் தாலிக்கயிற்றில் தொங்கும் அல்லது அரிசிப் பானையில் கிடக்கும். தானே புயலில் கூரை போனாலும் இந்தப் பெட்டி நனையக்கூடாது என்று கட்டிலின்மேல் ஏற்றி வைப்பாள். எந்தத் தாள் எதற்கு என்று அவளுக்கு எழுத்துக்கூட்டித் தெரியாமல் இருக்கலாம், நிறத்தையும் முத்திரையையும் வைத்துத் தெரியும்.

கணவன் எந்தப் பிரிவில் இருந்தானோ அதைப் பொறுத்து அவள் கடிதம் வெலிங்டனுக்கோ பெங்களூருக்கோ ஜபல்பூருக்கோ நாசிக்குக்கோ போக வேண்டும். ஓய்வூதியக் கணக்கு பிரயாக்ராஜில். பெயர் பொருந்தாது. நம் ஊரில் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் ஓர் எழுத்து, அவ்வளவுதான். படைப் பதிவேட்டில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி இவன் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று, படைப் பதிவில் ஒன்று. 2021இல் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறை வந்தபின் இந்த மூன்றும் ஒன்றாகும்வரை அவள் தாலுகா அலுவலகத்துக்கும் நோட்டரிக்கும் நடக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. திருமணம் நடந்ததைக் கணவன் தன் பிரிவில் தெரிவித்து 'பார்ட் டூ ஆர்டர்' என்ற அறிவிப்பில் ஏற்றியிருக்க வேண்டும். பலர் ஏற்றியிருப்பதில்லை. ஊரறிய நடந்த கல்யாணம், மூன்று பிள்ளைகள், ஆனால் படையின் பதிவேட்டில் அவள் அவனுக்கு யாருமில்லை. அவனுடைய நோயை நிரூபிக்குமுன் அவள் தன்னை நிரூபிக்க வேண்டும்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிற கூட்டத்தில் இவர்களும் உண்டு. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம், அன்றைய நடவுக்கூலி போச்சு. மனு எழுதித் தருகிறவருக்கு ஐம்பதோ நூறோ. இந்தக் காசுக்கும் நாளுக்கும் எந்தக் கணக்கும் கிடையாது. எந்தத் தீர்ப்பிலும் இது செலவுத்தொகையாக வந்ததில்லை.

இதையெல்லாம்கூட அலுப்பு, அலைச்சல் என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று இருக்கிறது.

நோய் வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நடு இரவில் எழுந்து வாசலில் காவல் நிற்பதை, சமைத்த சோற்றில் விஷம் இருக்கிறதென்று தட்டை வீசுவதை, பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போவதைப் பார்த்தவள் அவள். புவனகிரிப் பக்கத்து அக்கா ஒருவருக்கு மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தபோது, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் போனாரு. திரும்பி வந்தது வேற ஆளு" என்றார். 1982ஆம் ஆண்டு விதியை இதைவிடச் சுருக்கமாக எந்த வழக்கறிஞரும் எனக்கு விளக்கியதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை எழுத மருத்துவ வாரியத்தின் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்து நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. குடிப்பாரா?

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மது, புகையிலை, போதைப்பொருள் ஆகியவற்றை மிஞ்சிப் பயன்படுத்தியதால் வந்த ஊனத்துக்கும் சாவுக்கும் இழப்பீடு கிடையாது என்கின்றன விதிகள். அவை அவனவன் கட்டுப்பாட்டில் இருப்பவையாம். அவன் கையில் ரம் பாட்டிலைச் சலுகை விலையில் கொடுத்தது யார்? படையின் சொந்தக் கேன்டீன். ஓய்வுபெற்ற பின்னும் மாதா மாதம் ஒதுக்கீடு உண்டு. எங்கள் ஊர்களில் 'மிலிட்டரி ரம்' என்பது ஒரு தனி மரியாதைச் சொல். பனியிலும் எல்லையிலும் தூக்கமில்லாத இரவுகளிலும் அதை மருந்துபோலப் பழக்கிவிட்டு, ஈரல் கெட்டபின், மூளை கலங்கியபின், அது உன் சொந்த விஷயம் என்கிறது அதே நிறுவனம்.

இப்போது அந்த மனைவியின் நிலையை யோசியுங்கள். அவன் குடித்துவிட்டு அடிக்கிறான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்காகவே வந்தது. மகளிர் காவல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. போய் எழுதிக் கொடுத்தால், 'என் கணவர் குடித்துவிட்டு' என்று தொடங்கும் அந்தப் புகார் நாளை எந்தக் கோப்பில் போய் உட்காருமோ என்று பயப்படுகிறாள். அவளுடைய அடி வெளியே தெரிந்தால் அவனுடைய நோய் குற்றமாகிவிடும். நோய் குற்றமானால் பிள்ளைகளின் சோறு போகும். ஆகவே அவள் வாயை மூடிக்கொள்கிறாள். மேல்முறையீடு நடக்கும் பத்து, பதினைந்து ஆண்டுகளும் மூடிக்கொள்கிறாள். 'குடும்ப மானம்' என்று நாம் இத்தனை நாள் திட்டிவந்த மௌனத்துக்கு இங்கே ஓர் அரசாங்க விதி காவல் இருக்கிறது.

பெண்ணியவாதிகள் ஏன் சிப்பாய்களுக்காகப் பேச வேண்டும் என்று தோழிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை ஈழத்தில் என்ன செய்தது என்பதை 'முறிந்த பனை'யில் ரஜனி திராணகம பதிவுசெய்த பெண்களின் சாட்சியங்களிலிருந்து படித்தவர்கள் நாம். 2004இல் இம்பாலில் காங்க்லா கோட்டை வாசலில் ஆடை களைந்து நின்ற மணிப்பூர்த் தாய்மாரை மறக்கவில்லை. சீருடையைக் கும்பிடச் சொல்லும் தேசபக்திக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. ஆனால் போருக்கு எதிரானவள் போரின் முழுச் செலவையும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். காங்க்லா வாசலில் இந்த அரசு ஒரு செலவை மறைத்தது, புவனகிரி வீட்டுக்குள் இன்னொன்றை மறைக்கிறது. இரண்டும் ஒன்றல்ல, ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். மறைக்கிற கை ஒன்று. இந்தப் பக்கத்துப் பெண்கள் பட்டாளத்தைக் கட்டிக்கொண்டது வீரத்தைப் பார்த்து அல்ல, மாதச் சம்பளத்தைப் பார்த்து. கூலிவேலைக் குடும்பத்திலிருந்து ஒருவன் தப்பிக்க அந்த ஒரு வழிதான் இருந்தது.

இன்னொரு எதிர்வாதம் அதிகார மட்டத்திலிருந்து வருகிறது: ஏமாற்றுகிறார்கள், சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஊன ஓய்வூதியம் வாங்குகிறார்கள் என்று. 2023இல் வந்த புதிய விதிகளின் பின்னணியில் இந்தப் பேச்சு பலமாகக் கேட்டது. 'ஊனக் கூறு' என்பதற்கு 'பாதிப்பு நிவாரணம்' என்று பெயரையும் மாற்றினார்கள். நிவாரணம்! புயலுக்குக் கொடுப்பதுபோல. சரி, யார் ஏமாற்றுகிறார்கள்? அதே ஆண்டில் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொல்கிறது. ஆண்டுதோறும் ஓய்வுபெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் ஊன ஓய்வூதியத்தோடு போகிறார்கள். அதிகாரி நிலைக்குக் கீழே உள்ளவர்களில் 15 முதல் 18 சதவீதம். பதுங்குகுழியில் யார் அதிகம் கிடந்தார்கள், கோப்பை யார் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மேலே உள்ளவர்களைக் காட்டிப் போடும் கடிவாளம் கீழே உள்ளவன் வாயில் மாட்டுகிறது. அவன் டெக்ஸ்கோ வழியாகக் கிடைத்த காவலாளி வேலைக்குப் போகிறான், உடம்பு முடிந்தால்.

உடம்பு முடியாவிட்டால்? அப்போது அவள் முழுநேரச் செவிலி. ஊனம் நூறு சதவீதம் என்று எழுதி, கூடவே ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்றும் எழுதினால் 'கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்' என்று ஒரு படி உண்டு. 2017இல் அதை 4500 ரூபாயிலிருந்து 6750 ரூபாயாக உயர்த்தியதை மத்திய அமைச்சரவை அறிவித்தது. மாதத்துக்கு. அப்போது நாளுக்கு 225 ரூபாய். இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைப்பதையும் சேர்த்து 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்குப் பத்து ரூபாய்கூட வரவில்லை. அதுவும் அவன் கணக்கில்தான் விழுகிறது. தொண்ணூறு சதவீதம் என்று எழுதிவிட்டால் அதுவும் இல்லை. மீதிப் பத்து சதவீதத்தில் அவனே எழுந்து குளித்துக்கொள்வான்போலும்.

அமெரிக்காவை இந்த விஷயத்தில் உதாரணம் காட்ட எனக்குப் பிடிக்கவில்லை. உலகமெல்லாம் போர் செய்து ஊனமுற்றவர்களை உற்பத்தி செய்யும் நாடு அது. இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2010இல் அங்கே வந்த ஒரு சட்டம், படுகாயமுற்ற முன்னாள் வீரரை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கே நேராக மாதத்தொகை கொடுக்கத் தொடங்கியது. அதை மறுத்தால் மேல்முறையீடு கிடையாது, அது மருத்துவ முடிவு என்று அந்த நாட்டு முன்னாள் படைவீரர் துறை வாதித்தது. போடெட் தம்பதி வழக்குப் போட்டார்கள். 2021 ஏப்ரலில் அங்குள்ள முன்னாள் வீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும் உரிமை உண்டு என்றது. பராமரிக்கிறவளின் வேலையைச் சட்டம் வேலை என்று பெயர் சொல்லி எழுதினால்தான் அதைப் பற்றி வழக்காவது போட முடியும். நம் சட்டத்தில் அந்தப் பெயரே இல்லை.

இராணுவத்தின் விதிப்புத்தகம் பெண்ணை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். செலினா ஜான் இராணுவச் செவிலியர் பணியில் லெப்டினன்ட். 1988இல் அவர் வெளியேற்றப்பட்டதற்குக் காரணம், கல்யாணம் செய்துகொண்டார். 1977ஆம் ஆண்டின் ஓர் இராணுவ ஆணை, பணியிலிருந்து நீக்கும் காரணங்களாக மருத்துவத் தகுதியின்மையையும் ஒழுங்கீனத்தையும் திருமணத்தையும் வரிசையாக வைத்திருந்தது. 1995இல்தான் அதை எடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து. அடுத்தது, வீரப்பதக்கம் பெற்றவரின் விதவைக்குத் தரும் உதவித்தொகை. அவள் மறுமணம் செய்தால் அது நின்றுவிடும், செத்தவனின் தம்பியையோ அண்ணனையோ கட்டிக்கொண்டால் தொடரும். சொத்து வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்ற ஊர்ப் பஞ்சாயத்துப் புத்தி பாதுகாப்பு அமைச்சகத்தின் அச்சடித்த விதியாக 2017 நவம்பர்வரை இருந்தது.

கடைசியில் அவன் சாகிறான். முதல்முறையாக அவள் பெயர் கோப்பில் ஏறுகிறது, விதவை என்று. சாவும் வகை பிரிக்கப்படுகிறது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் என்றால் சம்பளத்தில் 30 சதவீதம். பணியால் வந்த சாவென்று ஒத்துக்கொண்டால் 'சிறப்பு', 60 சதவீதம். போர்ச்சூழல் சாவென்றால் 'தாராளம்', முழுச் சம்பளம். 2013 ஜனவரியில் காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடுங்குளிரில் ரோந்து போன ஒரு நாயக், மூச்சுத் திணறி இறந்தார். முதலில் போர்ச்சாவு என்று எழுதினார்கள். பிறகு அதை அடித்துவிட்டுச் சாதாரணப் பணிச்சாவு என்று மாற்றினார்கள். அவர் மனைவி தீர்ப்பாயத்தில் வென்றார். ஒன்றிய அரசு அவரை உச்ச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2024 டிசம்பரில் நீதிபதி அபய் ஓகாவின் அமர்வு, இந்த விதவையை இங்கே இழுத்து வந்திருக்கவே கூடாது என்று சொல்லி அரசுக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது. சரோஜ் தேவி வழக்கு என்று அதற்குப் பெயர். கொண்டாடினார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு ஐம்பதாயிரம். மேல்முறையீடு செய்யலாம் என்று கையெழுத்துப் போட்ட அதிகாரியின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைந்ததா?

தாமதமும் அவள் தலையில்தான் விடியும். 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்குப் போட்டது. 1983இல் வெளியேற்றப்பட்டவர் 1999இல்தான் நீதிமன்றம் வந்தார், ஆகவே நிலுவை வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். உரிமை இருந்தது என்று ஒப்புக்கொண்டே மீதி ஆண்டுகளை வெட்டினார்கள். ஆங்கிலக் கடிதத்தைப் படிக்க ஆள் தேடிய ஆண்டுகள், பெயரைத் திருத்திய ஆண்டுகள், அவனைச் சங்கிலி போடாமல் வீட்டில் வைத்துக் காத்த ஆண்டுகள் எல்லாம் அந்த வெட்டில் போகின்றன.

மறுப்புக் கடிதம் தமிழில் வரட்டும், காரணத்தோடு வரட்டும். மருத்துவ வாரியம் கூடும்போது மனைவியை அழைத்து, அவள் சொல்வதை அவள் மொழியில் எழுதி, சான்றாகக் கோப்பில் சேர்க்கட்டும். அவன் குடியைப் பற்றி அவள் சொல்வது அவனுடைய உரிமையைப் பறிக்காது என்று விதியில் எழுதட்டும். அடிப்பவனோடு வாழ முடியாமல் விலகி இருப்பவளுக்கு ஓய்வூதியத்தில் ஒரு பங்கு அவளுடைய சொந்தக் கணக்குக்கு வரட்டும். பராமரிப்புப் படி பராமரிக்கிறவளுக்கு. ஒரு விதவைமேல் மேல்முறையீடு போகச் சொல்லும் அதிகாரி தன் பெயரையும் காரணத்தையும் எழுதிக் கையொப்பமிடட்டும், தோற்றால் அந்தச் செலவுத்தொகை அவருடைய சம்பளத்திலிருந்து போகட்டும்.